விராலா, கொரவையா

எந்த மீனைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பார். கட்டை விரலைக் கீழ்த்தாடையில் கொடுத்துச் சற்றே திறந்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேர் சொல்லுவார். செத்த மீனாக இருந்தாலும் சரி, துள்ளுகிற மீனாக இருந்தாலும் சரி. வாயைப் பார்க்காமல் மீனுக்குப் பேர் சொல்கிறவன் தன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய மனைவி ஒருநாள் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இந்த மனிதர் தன் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். அவர் மறுக்கவில்லை. ஒரு பல் தெற்றுப்பல் என்று மட்டும் திருத்தினார்.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. பருத்திப்பட்டில் அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். செய்த காரியத்துக்கு முகம் கொடுத்துப் பேச இந்த வயதிலும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தோம். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவன். அவர் உள்ளூர்க்காரர். பருத்திப்பட்டு ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'அண்ணே' என்பேன். எங்கள் ஊர் 'அண்ணே' அவருக்கு வேடிக்கையாக இருக்கும். இழுக்காமல் சொல்லு, இங்கே யாருக்கும் அவ்வளவு நேரமில்லை என்பார்.

கடைசல் பிரிவில் செய்து வருகிற இரும்புப் பின்களை அளப்பது எங்கள் வேலை. அளவு சரியாக இருந்தால் பின்னின் தலையில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு முத்திரை, ஆளுக்கு ஒரு நம்பர். மற்றவர்கள் கூடைக்குப் பத்து எடுத்து அளந்துவிட்டு மொத்தத்துக்கும் குத்தித் தள்ளுவார்கள். விதிப்படி அது போதும். அவர் மட்டும் ஒவ்வொன்றாக அளப்பார். எதற்கு இந்த வெட்டி வேலை என்று நான் கேட்டதற்கு, "இதுல என் நம்பர் கீது இல்ல? நான் பாக்காதத நான் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

இதனால் அவருக்கு நல்ல பேர் கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 'வாய் பாக்கறவரு' என்றுதான் பிரிவில் அவருக்குப் பட்டப்பெயர். ஒரு தடவை எங்கள் அதிகாரி செம்பரம்பாக்கத்தில் சொல்லிவைத்து விரால் வாங்கி வந்திருப்பதாக, வாளியோடு கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். எல்லோரும் ஆகா ஓகோ என்றோம். அவரும் எட்டிப் பார்த்தார். கையை விட்டு ஒன்றை எடுத்தார். வழக்கம்போல வாயைத் திறந்தார். நாங்கள் கண்ணாலேயே கெஞ்சினோம்.

"கொரவை சார் இது" என்றார்.

அதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது. இவர் விடாமல் விளக்கினார். விராலும் கொரவையும் அண்ணன் தம்பி மாதிரி. சின்னதில் பார்த்தால் பெற்றவளுக்கே குழப்பம் வரும். ஆனால் வாய் காட்டிக் கொடுத்துவிடும். வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் போனால் விரால், கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் கொரவை. ருசியில் கொரவை ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் கொரவையைக் கொரவை என்று சொல்லித்தான் தின்ன வேண்டும் என்று முடித்தார். அந்த வருஷமும் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அதிகாரி சொன்னதாகக் கேள்வி.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு அருகில் மீன் விற்கிற அம்மாவிடமும் இதே கதைதான். கூடையில் கையை விட்டு ஒவ்வொரு மீனாக வாயைத் திறந்து பார்ப்பார். கட்லாவுக்கு வாய் வானம் பார்க்கும், மிர்காலுக்குத் தரை பார்க்கும் என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பாடம் வேறு. அந்த அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "யோவ், நீ மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டது. அன்றைக்கு அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். மீன் வாங்காமலும் வரவில்லை.

மீன் என்று இல்லை, எதிலுமே அப்படித்தான். குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணைப் பற்றி யாரோ கதை கட்டிவிட்டு, கேண்டீன் முழுக்க அதே பேச்சாக இருந்தபோது, சொன்னவனிடம் நேராகப் போய் நீ பார்த்தாயா என்று கேட்டார். அவன் இல்லை என்றான். உனக்குச் சொன்னவன் பார்த்தானா என்றார். தெரியாது என்றான். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போய், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பார்த்தவர் யாருமே இல்லை என்று காட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் அப்பா அதற்கப்புறம் அவரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏரிக்குப் போவோம். பெரும்பாலும் பருத்திப்பட்டு ஏரி, சில நாள் சைக்கிளை மிதித்துச் செம்பரம்பாக்கம். மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, முள். விராலுக்கு மட்டும் தவளைக்குஞ்சைக் கோத்துப் போடுவோம். ஏரியில் அவர் ஒன்றே ஒன்றுக்குத்தான் கோபப்படுவார். குஞ்சோடு இருக்கிற விராலை யாராவது பிடிக்கப் பார்த்தால் அவ்வளவுதான்.

விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக்கொண்டு திரியும். தண்ணீருக்கு மேலே ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் செக்கச் செவேலென்று குஞ்சுகள் புரளும். மூச்சு விட மேலே வந்து வந்து போகும். அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சிவப்புக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் போதும், பெரிய விரால் பாய்ந்து கடிக்கும். பசிக்குக் கடிக்காது, குஞ்சுக்கு ஆபத்து என்று கோபத்தில் கடிக்கும். அதைப் பிடிப்பதைப் போல சுலபமான காரியம் ஏரியில் வேறு கிடையாது. ஆத்தா போனால் சாயங்காலத்துக்குள் ஜிலேபி மீன்கள் குஞ்சுகளை ஒன்று விடாமல் தின்றுவிடும் என்பார் அவர். நூம்பலிலிருந்து வந்த நாலு பேர் ஒரு தடவை அப்படிக் குஞ்சுக் கூட்டத்துக்குக் குறி பார்த்தபோது, இவர் எழுந்து போய்ப் பெரிய மண்கட்டி ஒன்றைத் தூக்கித் தண்ணீரில் போட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். கைகலப்பு ஆகியிருக்கும். நான்தான் இடையில் விழுந்து, அண்ணனுக்குக் கொஞ்சம் மூளை சரியில்லை என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால் தனியாக நடந்தார். யாருக்கு மூளை சரியில்லை, நீ பார்த்தாயா என்று கடைசியில் கேட்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குச் சர்க்கரை வந்தது. வந்தது எப்போதோ, தெரிந்தது அப்போதுதான். அதற்குள் கண்ணைப் பிடித்துவிட்டது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடமாட்டத்துக்குப் பழுதில்லை. ஆனால் சின்ன எழுத்தும் மெல்லிய கோடும் பிடிபடாது. நிறம் தப்பும்.

ஒருநாள் காலையில் மைக்ரோமீட்டரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இறக்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் நீட்டி, "இத்த கொஞ்சம் படி நைனா" என்றார். படித்தேன். எழுதிக்கொண்டார். முத்திரையை வைத்து ஒரு தட்டு தட்டினார். அன்றையிலிருந்து அப்படியே பழகிப் போயிற்று. அவர் பின்னைப் பிடித்து அளவு வைப்பார், நான் படிப்பேன், அவர் எழுதிக் குத்துவார். கண் போனது தெரிந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, முத்திரையை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. அதுவரை இந்த நம்பர் தன்னிடமே இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். இந்த ஒன்றைத்தான் அவர் மறைத்தார். அதில் அவருக்கு நிம்மதி இருந்ததாகத் தெரியவில்லை.

பார்க்காததைச் சொல்லாத மனிதர், என் வாயைக் கேட்டு முத்திரை குத்தினார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைக்கவில்லை. என்னை நம்புகிறாரே என்று எனக்குப் பெருமையாக மட்டும் இருந்தது. இரண்டு வருஷம் படித்தேன். ஒரே ஒரு அளவைக்கூட நான் தப்பாகச் சொன்னதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை.

ஏரியிலும் நான்தான் அவருக்குக் கண். தக்கை அசைகிறதா, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீரில் என்ன புரளுகிறது, எல்லாம் கேட்பார். கேட்டதும் அப்படியே ஏற்றுக்கொள்வார். "நீ பாத்தா நான் பாத்தா மாதிரி" என்று ஒரு தடவை சொன்னார்.

அந்த ஞாயிறு, புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிறு. என் மனைவி வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் மீன் வாசம் கிடையாது. ஒரு மாதம் கத்தரிக்காயும் கருணைக்கிழங்கும் தின்று நாக்கு செத்திருந்தது. போதாததற்குக் காஞ்சிபுரத்திலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். அவனிடம் நான் இரண்டு வருஷமாக விரால் பிடிக்கிற பிரதாபத்தை அளந்து வைத்திருந்தேன். காலையில் கிளம்பும்போதே, மசாலா அரைத்து வைக்கட்டுமா என்று மனைவி கேட்டாள். தாராளமாக அரை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். முதல் மழை பெய்து ஏரி கலங்கியிருந்தது. விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தும் ஒரு பொடிமீன்கூடத் தொடவில்லை. மச்சினன் குடையை விரித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து, மாமா மீன் பிடிக்கிறாரா, தவம் இருக்கிறாரா என்று கேலி பேச ஆரம்பித்தான்.

பத்து மணி இருக்கும். சம்புக்கோரைப் புதருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் சளசளத்தது. நான் பார்த்தேன். செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம். அவருக்கும் சத்தம் கேட்டுவிட்டது.

"இன்னாமோ பொரளுதே, குஞ்சா நைனா?" என்றார்.

"ஜிலேபிக் குஞ்சுண்ணே" என்றேன்.

"செவப்பா இல்லியே?"

"கறுப்புதாண்ணே. நல்லாப் பாத்துட்டேன்."

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்துகிறது. கறுப்பு என்றதோடு நிறுத்தியிருக்கலாம். ஜிலேபிக் குஞ்சைத் தின்ன விரால் அந்தப் பக்கம் வரும், போட்டுப் பாருங்கள் என்று இடத்தையும் நானே காட்டினேன். அவரையே போடச் சொன்னதற்குக் காரணம், அவர் கை எனக்கு வராது. கண் பழுதானாலும் சொன்ன இடத்தில் சொன்னபடி தூண்டில் விழும். விழுந்தது. அடுத்த நிமிஷமே கழி வளைந்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால். கரையில் இழுத்துப் போட்டதும் மச்சினன் குடையை எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது, பாவம்.

"மாமா, அங்க பாருங்க, செகப்பு செகப்பா குஞ்சு எல்லாம் சிதறி ஓடுது" என்று சந்தோஷமாகக் காட்டினான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மீனின் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைக் கழற்றப் பார்த்தார். முள் தொண்டைக்குள் போயிருந்தது. விரலை விட்டு எவ்வளவு மெதுவாக எடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக எடுத்தார். முழங்கால் தண்ணீர் வரை இறங்கி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து நீந்த விட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டார், மறுபடியும் சாய்ந்தது. நாலைந்து தடவை பார்த்தார். அப்புறம் கரைக்கு எடுத்து வந்து என் பையில் போட்டார்.

"எடுத்துக்கினு போ. ஊட்ல மசாலா அரைச்சி வெச்சிருப்பாங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

குழம்பு நன்றாக இருந்ததாக மச்சினன் சொன்னான். நானும் தின்றேன். வெட்கம் வயிற்றுக்குத் தெரியாது போலிருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை. அவர் பின்னைப் பிடித்து அளவு வைத்து என் பக்கம் நீட்டினார். படித்தேன். அவர் எழுதவில்லை. மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். அடுத்த மேஜைக்காரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவனும் அதே எண்ணைத்தான் சொன்னான். அவன் போன பிறகும் அவர் எழுதாமல் அந்தப் பின்னையே கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பின்கூட அவர் குத்தவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதிகாரியிடம் போய்க் கண்ணைப் பற்றிச் சொல்லப் போவதாகச் சொன்னார். இரண்டு வருஷமாகத் தன் நம்பர் போட்டுப் போனதையெல்லாம் திரும்ப அளக்கச் சொல்லிக் கேட்கப் போவதாகவும் சொன்னார். நான் பதறிவிட்டேன். மீன் விஷயத்தில் சொன்னது நாக்குச் சபலம், வேலையில் நான் அப்படிச் செய்வேனா, ஐந்து வருஷத்தில் இரண்டு போய்விட்டது, மிச்சம் மூன்றுதான், யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

"உங்க பேரையும் சொல்ற மாதிரி ஆவும். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. பத்து வருஷப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்த மரியாதையை நான் கேட்டதே இல்லை.

சொன்னபடி சொன்னார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், அதோடு விட்டார்கள். அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முத்திரையைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கொடுத்தார். பிரிவில் பாதிப் பேருக்கு அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று புரியவில்லை. கேட்டவர்களிடம் கண்ணு போயிடுச்சி என்று மட்டும் சொன்னார். ஏரியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் நம்பர் போட்ட பின்களில் வெளியே போகாமல் கிடங்கில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து திரும்ப அளந்தார்கள். என்னைக் கிட்ட விடவில்லை, அதுவும் நியாயம்தான். நாள் கணக்கில் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நான் போய் விசாரிப்பேன். கடைசி நாள் அதிகாரியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பு இல்லை. எல்லாம் எழுதியபடி சரியாக இருந்தன. இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் பார்த்ததில்லை என்றார்.

நான் ஸ்டோருக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், நாற்பத்தைந்து வயதில். அவர் கம்பி வலைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எண்ணெய் துடைக்கிற பஞ்சுக்கழிவைப் பிரித்துப் பொட்டலமாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குக் கண் வேண்டாம். மூச்சிரைக்கச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பில்லை அண்ணே, எல்லாம் சரியாக இருந்தது, நான் படித்தது எல்லாமே சரி என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்த ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"சரியாத்தான் இருக்கும். வேலைல நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும். மீனுக்குத்தான் சொன்னீங்க. ஆனா எனக்கு ரெண்டுத்துக்கும் ஒரே கண்ணுதானே இருந்துச்சி."

எனக்குப் பின்னால் கடைசல் பிரிவுக்காரன் ஒருவன் சீட்டோடு வந்து நின்றான். அவர் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்தும் பார்த்தார். நான் வலைக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் சீட்டை அவனிடமே நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.